சரக்கு நம்முடையது, முத்திரை யாருடையது?



“ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது” என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்தப் பேச்சுக்குப் பின்னால் உள்ள கதை நம் விருத்தாசலத்தில்தான் தொடங்குகிறது. இங்கே மணிமுத்தாற்றில் போட்ட 12,000 பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்தக் கதையில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பொன்னை ஆற்றில் போடுவதற்கு முன் அதில் ஒரு துண்டை வெட்டி மச்சமாக அவர் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோதுதான் மாற்றுக் குறைந்திருப்பது தெரிந்தது. பிறகே முழு மாற்றுப் பொன் கைக்கு வந்தது.

“இதுதான் என் சரக்கு” என்று காட்டுவதற்குக் கையில் ஓர் அடையாளம் வேண்டும் என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம். அந்த அடையாளம் இன்று நம்மிடம் இருக்கிறதா?

சில மாதங்களுக்கு முன் சென்னையில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருந்த ஜாடியைக் காட்டி, “அண்ணே, இது வடநாட்டு ஜாடி. இங்கே கடையில் வாங்கினேன். நம் ஊர்ப் பக்கம் இப்படிக் கிடைக்குமா?” என்று கேட்டாள். கையில் எடுத்துப் பார்த்தேன். அதே வண்ணம், அதே மெருகு, மூடியில் அதே குமிழ். என் கடை வாசலில் வைக்கோலோடு வந்து இறங்கும் அதே சரக்கு. “தங்கச்சி, இது நம் ஊர் ஜாடிதான்” என்றேன். அவள் நம்பவில்லை. நம்பும்படி காட்ட என்னிடமும் ஒன்றுமில்லை. ஜாடியின் அடியில் பெயர் இல்லை. அது வந்த அட்டைப் பெட்டியிலும் பெயர் இல்லை.

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் களிமண் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டயப் படிப்பு நடத்தும் அரசு நிறுவனம் நம் ஊரில் இருக்கிறது. தொழிற்பேட்டை இருக்கிறது, சூளை இருக்கிறது, கைத்திறன் உள்ள ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். அகல் விளக்கும் பொம்மையும் ஜாடியும் ஊர் ஊராகப் போகின்றன. ஊரின் பெயர் மட்டும் உடன் போவதில்லை.

அன்று மூட்டையில் மார்க்கா இருந்தது

இந்தக் குறை பீங்கான்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. மளிகைக்காரர்களாகிய நமக்கும் உண்டு. என் தகப்பனார் காலத்தில் எங்கள் கடையில் ஒரு தகர அச்சு இருந்தது. தகட்டில் எழுத்தையும் ஒரு குத்துவிளக்குப் படத்தையும் வெட்டியெடுத்திருப்பார்கள். வேர்க்கடலை மூட்டை லாரி ஆபீசுக்குப் போகும் முன் அந்தத் தகட்டைச் சாக்கின்மேல் வைத்து மை தடவிய துணியால் ஒற்றுவார்கள். “விளக்கு மார்க்கா” என்றால் தரம் பார்க்காமலேயே விலை பேசிய காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாத சுமைதூக்கும் தொழிலாளியும் படத்தைப் பார்த்து மூட்டையைப் பிரித்து அடுக்கிவிடுவார்.

பிறகு பிளாஸ்டிக் பை வந்தது. எல்லாக் கடையிலும் ஒரே பை. தகட்டைப் பழைய இரும்போடு போட்டுவிட்டோம்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழக அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் “மீண்டும் மஞ்சப்பை” இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் இத்தகைய பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. இதனால் நமக்கு ஏற்பட்ட செலவும் சங்கடமும் எல்லோரும் அறிந்ததே. ஆனால் ஒரு நன்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காகிதப் பையும் துணிப் பையும் மறுபடி நம் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அச்சடிக்க ஏற்ற வெற்றுப் பரப்பு தினமும் நம் கையிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போகிறது. அதில் எத்தனை கடையின் பெயர் இருக்கிறது?

நான் முயற்சி செய்யாமல் இல்லை. வெளியூர் அச்சகம் ஒன்றில் விசாரித்தேன். 5,000 பைக்குக் குறைந்து முடியாது என்றார்கள். சரி என்று முன்பணம் கொடுத்தேன். வந்த பையில் கடைப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதைப் பொறுத்துக்கொண்டு பாதியை ஓட்டுவதற்குள் தொலைபேசி எண் மாறிவிட்டது. மீதிப் பை இன்றும் பரணில் கிடக்கிறது. அடுத்த முறை வேறிடத்தில் அடிக்கலாம் என்று படத்தைக் கேட்டால், “டிசைன் எங்களுடையது, தர முடியாது” என்ற பதில் வந்தது. என் கடைப் படத்துக்கு வேறொருவர் சொந்தக்காரர்! சிறு வியாபாரிக்கு வேண்டியது 200 பை, 300 பை. அடுத்த மாதம் ஒரு வரி மாறினால் மாற்றிக்கொள்ளும் வசதி. அதற்கு ஏற்ற அச்சு எது என்று தேடியபோதுதான் லினோ அச்சைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

ஆளி விதை எண்ணெயில் பிறந்த அச்சு

லினோலியம் என்பது தரை விரிப்பு. 1860களில் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் வால்ட்டன் என்பவர் கண்டுபிடித்தது. நாம் கடையில் விற்கும் ஆளி விதை இருக்கிறதே, அதன் எண்ணெயைக் காற்றில் இறுக வைத்து, தக்கைத் தூளும் மரத்தூளும் பிசினும் கலந்து, சணல் துணியின்மேல் தகடாக அழுத்தினால் லினோலியம். மரத்தைவிட மெதுவானது, ரேகை கிடையாது, எந்தத் திசையிலும் உளி ஓடும். அதனால் ஓவியர்கள் அதைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றிப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். செதுக்கிய இடம் வெள்ளையாக நிற்கும். செதுக்காத மேடு மையைத் தாங்கும். தத்துவம் நம் பழைய பிளாக் அச்சேதான்.

1930இல் தண்டி உப்பு யாத்திரையை ஒட்டி நந்தலால் போஸ் செய்த காந்தியடிகள் படம் லினோ அச்சுதான். கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகள். கோலூன்றி நடக்கும் ஒரு மனிதர். அவ்வளவே. ஆனால் நாடு முழுவதும் அறிந்த படமாகிவிட்டது.

இன்னொரு செய்தி, பீங்கான் ஊர்க்காரர்களாகிய நமக்கென்றே அமைந்தது. பிரான்ஸ் நாட்டின் தெற்கே வலோரி என்ற சிற்றூர் உண்டு. நம்மைப் போலவே மண்பாண்டத்தால் பிழைத்த ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிக்காசோ அங்கே குடியேறி மண்பாண்டம் செய்யக் கற்றார். 1950களில் அந்த ஊரின் கண்காட்சிகளுக்கு அவரே லினோவில் சுவரொட்டி செதுக்கினார். அதை அடித்துக் கொடுத்தவர் அதே ஊரில் அச்சகம் வைத்திருந்த இடால்கோ ஆர்னேரா. பாரிசுக்கு அனுப்பிக் காத்திருக்கவில்லை. சரக்கும் உள்ளூர், அச்சும் உள்ளூர். சுவரொட்டியில் ஊரின் பெயர் பெரிய எழுத்தில். இன்று அந்தச் சுவரொட்டிகள் விலைமதிப்புள்ள கலைப்பொருட்கள். நமக்குப் பிக்காசோ கிடைக்க மாட்டார். ஆனால் ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்ற புத்திக்குப் பிக்காசோ தேவையில்லை.

லேசர் என்ன செய்கிறது?

லினோவை உளியால் செதுக்கக் கை பழக வேண்டும். தமிழ் எழுத்தின் சுழிகளை, அதுவும் இடவலம் மாற்றிச் செதுக்குவது எல்லோராலும் ஆகிற காரியமன்று. இங்கேதான் லேசர் இயந்திரம் உதவுகிறது. பெயர்ப் பலகை, பரிசுக் கேடயம், சாவிக்கொத்து செய்கிற கடைகளில் இந்த இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு வாயு லேசர். 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடித்த குமார் படேல், மராட்டிய மாநிலம் பாராமதியில் பிறந்தவர். அதன் கதிர் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர். வரிவரியாக ஓடி, சொன்ன இடத்தை மட்டும் எரித்துப் பள்ளமாக்கும்.

வேலை நடக்கும் முறை இது. கைபேசியில் எடுத்த படத்தையோ கையால் வரைந்த படத்தையோ கணினியில் ஏற்றி, சுத்தக் கறுப்பு வெள்ளையாக மாற்ற வேண்டும். லினோவில் மை படும் அல்லது படாது. இடைப்பட்ட சாம்பல் நிறம் கிடையாது. பிறகு படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் திருப்ப வேண்டும். பெரும்பாலான இயந்திரங்கள் கறுப்பாக உள்ள இடத்தைத்தான் எரிக்கும். நமக்கோ கறுப்பு மேடாக நிற்க வேண்டும். ஆகவே கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிக் கொடுக்க வேண்டும். லினோ ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமன். பள்ளம் 1 மில்லிமீட்டர் அளவு இருந்தால் போதும். ஒரே ஓட்டில் ஆழமாக எரிக்காமல் இரண்டு மூன்று ஓட்டாக எரிப்பது நல்லது. அடியில் உள்ள சணல் தெரியும்வரை போகக் கூடாது. முடிந்ததும் சாம்பலை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, சமமான இடத்தில் காய வைக்க வேண்டும்.

பிறகு ஒட்டுப்பலகையில் ஒட்டி, ரோலரால் மை ஏற்றி, காகிதத்தை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே அச்சு விழும். எங்காவது பழைய டிரெடில் இயந்திரம் ஓட்டத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பலகையோடு சேர்த்து 0.918 அங்குல உயரம் வரும்படி பார்த்துக்கொண்டால், அச்செழுத்து வைக்கும் இடத்தில் இந்த பிளாக்கையும் வைத்து ஓட்டலாம்.

நான் செய்த மூன்று தவறுகள்

சொல்வது எளிது. முதல் பிளாக்குக்கு நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்காவது பயன்படட்டும்.

முதல் தவறு, படம். நம் கோயில் கோபுரத்தைக் கைபேசியில் எடுத்து அப்படியே கொடுத்தேன். கணினி அதைக் கறுப்பு வெள்ளையாக்கியதும் சிற்பமெல்லாம் போய்க் கரிப்பிடித்த பானைபோல் ஒரு கறுப்புக் குவியல் நின்றது. பத்திரிகைப் படம்போல் சிறு புள்ளிகளாக்கிப் பார்த்தோம். காகிதப் பையின் சொரசொரப்பில் புள்ளிகள் ஒன்றோடொன்று மையால் ஒட்டிக்கொண்டன. கடைசியில் பீங்கான் படிப்புப் படிக்கும் என் மருமகப்பிள்ளை, “மாமா, கோபுரம் எல்லோருக்கும் பொது. நம் கடை வாசலில் ஜாடி அடுக்கியிருக்கிறதே, அதை வரையலாம்” என்றான். ஒரு ஜாடி, பக்கத்தில் ஓர் அகல், கீழே கடைப் பெயர், அதற்குக் கீழே விருத்தாசலம். ஏழெட்டுக் கோட்டில் முடிந்தது. அதுதான் அச்சில் நின்றது.

இரண்டாவது தவறு, எழுத்து. சிக்கனம் பார்த்துச் சின்ன எழுத்தாகப் போட்டேன். மெய்யெழுத்தின் புள்ளிகள் எரிந்து உதிர்ந்துவிட்டன. “மளிகைக் கடை” என்பது “மளிகைக கடை” ஆயிற்று. ண, ஞ ஆகியவற்றின் சுழிக்குள் மை அடைத்துக்கொண்டது. தமிழுக்குப் புள்ளி உயிர். ஆகவே எழுத்தைத் தடிமனாகப் போடுங்கள். புள்ளியை வழக்கத்தைவிடப் பெரிதாகப் போடுங்கள். சுழியைத் திறந்து விடுங்கள். முதலில் சாதாரணக் காகிதத்தில் அச்செடுத்து நாலு பேரிடம் படிக்கக் கொடுங்கள்.

மூன்றாவது தவறுதான் ஆபத்தானது. லினோ தகடு வாங்கச் சோம்பல்பட்டு, வீட்டில் தரைக்குப் போட்டதில் மிஞ்சிய விரிப்பை எடுத்துப் போனேன். லேசர் கடைத் தம்பி மோந்து பார்த்துவிட்டு, “ஐயா, இதை என் மிஷினில் வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. இன்று தரை விரிப்பாக விற்பதில் பெரும்பகுதி லினோலியம் அன்று, பி.வி.சி. பிளாஸ்டிக். பேச்சு வழக்கில் மட்டும் அதையும் லினோலியம் என்கிறோம். பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரம் சேர்ந்தால் அது அமிலம். நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். உண்மையான லினோவில் ஆளி எண்ணெய் வாசனை இருக்கும். பின்பக்கம் சணல் துணி தெரியும். ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ரப்பர் ஸ்டாம்பு செய்பவர்களிடம் லேசருக்கென்றே வரும் ரப்பர் தகடு உண்டு; அதிலும் இந்த வேலை நடக்கும். எதை எரித்தாலும் புகை வரும். புகையை வெளியேற்றும் விசிறி இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அங்கே நாள் முழுவதும் மூச்சுவிடுகிறவர் யார் வீட்டுப் பிள்ளையோ.

அச்சடிக்கும் முன் சட்டத்தையும் பாருங்கள்

அச்சு கையில் வந்துவிட்டால் எல்லாவற்றிலும் குத்தத் தோன்றும். சர்க்கரைப் பொட்டலம், மிளகாய்த்தூள் பொட்டலம் என்று ஆசை வளரும். இங்கே நிதானம் வேண்டும். உணவுப் பொருள் பொதிவு பற்றிய 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக் கூடாது. அச்சடித்த பக்கம் உணவுப் பொருளைத் தொடக் கூடாது. உணவுப் பொதியில் அச்சடிக்கும் மைக்கும் ஐ.எஸ். 15495 என்ற இந்தியத் தரம் உண்டு. ஆகவே லினோ அச்சை எடுத்துச் செல்லும் பையிலும், அட்டைப் பெட்டியிலும், சாக்கிலும், தொங்கவிடும் சீட்டிலும் போடுங்கள். உணவைத் தொடும் உள் பொட்டலத்தில் வேண்டாம். அச்சடித்த பையையும் மை நன்றாகக் காய்ந்த பிறகே கடைக்குக் கொண்டு வாருங்கள். எண்ணெய் மை காயச் சில நாட்கள் ஆகும்.

இன்னொன்று, படம் நம்முடையதாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கிறதே என்று எவரோ வரைந்த படத்தையோ, பெரிய கம்பெனியின் சின்னத்தையோ எடுத்துக் கொடுத்தால் லேசர் தயங்காமல் செதுக்கித் தரும். வழக்கு வரும்போது லேசர் நீதிமன்றத்துக்கு வராது. நாம்தான் போக வேண்டும். தேசியச் சின்னம், காந்தியடிகள் உருவம் ஆகியவற்றை வியாபார முத்திரையாகப் பயன்படுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. மத்திய அரசின் அனுமதி வேண்டும். பக்தியோடு போட்டேன், தேசபக்தியோடு போட்டேன் என்பது பதிலாகாது. அதே சமயம், நம் சொந்தப் படத்தை வணிகச் சின்னங்கள் சட்டம் 1999இன் கீழ்ப் பதிவு செய்துகொள்ள முடியும். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், மறுபடி புதுப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் என 2017 விதிகளில் நிர்ணயிக்கப்பட்டது. எல்லோரும் உடனே பதிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதியத் தகுதியுள்ள படமாக முதலில் ஒன்று வேண்டும் என்கிறேன்.

“இதெல்லாம் நமக்கு எதற்கு?” என்பவர்களுக்கு

சங்கக் கூட்டத்தில் இதைப் பேசியபோது நண்பர்கள் சிலர் மறுப்புச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு.

“ரப்பர் ஸ்டாம்பு போதாதா?” என்றார் ஒருவர். பில்லுக்குப் போதும். ஆனால் கைப்பிடிக்குள் அடங்கும் முத்திரை தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. பையின் முகம் முழுவதும் நிற்கும் படத்துக்கு அகலமான பிளாக் வேண்டும்.

“ஸ்கிரீன் பிரிண்டிங் மலிவாயிற்றே” என்றார் இன்னொருவர். துணிப் பைக்கும் ஆயிரக்கணக்கில் அடிப்பதற்கும் அதுவே சரி. நானும் அதையே சொல்வேன். பத்தாயிரம் வேண்டுமானால் ஆஃப்செட்டுக்குப் போங்கள். ஆனால் இன்று 100, அடுத்த வாரம் 50 என்று, கடையை அடைத்த பிறகு நாமே உட்கார்ந்து அடித்துக்கொள்ள லினோ பிளாக்தான் வசதி. நான் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அடிக்கிறேன்.

“இயந்திரம் செதுக்கினால் ஓவியன் பிழைப்பு என்ன ஆவது?” என்று கேட்டார் மூன்றாமவர். இது நம் மனத்தைத் தொட வேண்டிய கேள்வி. பெரிய கடைகளும் இணைய வியாபாரமும் வந்து நம் பிழைப்பில் கை வைத்தபோது இதே கேள்வியைத்தானே நாம் கேட்டோம்? என் பதில் இது. செதுக்குவதை இயந்திரத்துக்குக் கொடுங்கள், வரைவதைக் கொடுக்காதீர்கள். என் முதல் பிளாக் கெட்டதற்குக் காரணம் படம் வரையத் தெரிந்த ஆள் இல்லாததுதான், இயந்திரத்தில் குறையில்லை. எந்தக் கோட்டை வைப்பது, எதை விடுவது என்று தெரிந்தவர் ஓவியர். பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்து ஃபிளெக்ஸ் வந்தபின் தொழில் இழந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படத்துக்கு உரிய கூலியைத் தயங்காமல் கொடுங்கள். பணம் கொடுத்த அன்றே படமும் பிளாக்கும் கணினிக் கோப்பும் என் கடைக்குச் சொந்தம் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். என் அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.

மண்ணிலும் ஒரு முத்திரை

பையில் போடும் இதே படம் பீங்கானுக்கும் உதவும். லேசரில் செதுக்கிய லினோவையோ ரப்பரையோ ஈரம் ஆறாத களிமண்ணில் அழுத்தினால் படம் பதியும். ஜாடியின் அடியில் ஒரு ரூபாய் அளவு இடம் போதும். மண் காய்ந்து, சூளையில் வெந்து வருவதற்குள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதற்குத் தக்கபடி முத்திரையைச் சற்றுப் பெரிதாகச் செதுக்க வேண்டும். ஒட்டாமலிருக்க மாவுப் பொடி லேசாகத் தூவிக்கொள்ளலாம். பிளாஸ்டர் அச்சில் கூழ்மண்ணை ஊற்றி வார்க்கும் சரக்கானால் அச்சிலேயே பெயரைச் செதுக்கிவிடலாம். வார்க்கும் ஒவ்வொன்றிலும் தானாக வரும். மெருகு அதிகம் படிந்தால் எழுத்து மூடிப்போகும் என்பதைச் சூளைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சிறிய முத்திரையின் ஆயுள் எவ்வளவு தெரியுமா? நம் மாவட்டத்தை அடுத்த புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். இத்தாலியின் அரெட்சோ வகையைச் சேர்ந்த சிவப்பு மெருகுப் பாத்திரத் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றில் குயவர் பட்டறையின் பெயர் முத்திரையாக இருந்தது. அந்தப் பாத்திரங்களின் காலத்தைக் கொண்டுதான் அரிக்கமேட்டின் ரோமானிய வணிகம் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைமையானது என்று அவர் நிறுவினார். கப்பல் போயிற்று, வாங்கியவர் போனார், விற்றவர் போனார், பேரரசே போயிற்று. அடியில் போட்ட பெயர் மட்டும் நின்றது. நாமோ நேற்றுச் செய்த ஜாடிக்குச் சொந்தம் கொண்டாட முடியாமல் தங்கை வீட்டில் தலைகுனிகிறோம்.

சங்கம் முன்வர வேண்டும்

தனித்தனியாக ஒவ்வொருவரும் அலைவதைவிடச் சங்கமே இதைக் கையில் எடுப்பது நல்லது. மூன்று காரியங்கள் செய்யலாம்.

ஒன்று, வரையத் தெரிந்த ஒருவரையும், புகைபோக்கி வசதியுள்ள லேசர் கடை ஒன்றையும் சங்கமே பேசி அமர்த்தினால் உறுப்பினருக்குக் கூலி குறையும். லினோ தகட்டையும் மொத்தமாக வாங்கிவிடலாம். கொள்முதல் நமக்குத் தெரியாத வித்தையா?

இரண்டு, சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை, இரண்டு ரோலர், ஒரு கை அச்சு. வாரத்தில் ஒரு நாள் யார் வேண்டுமானாலும் தம் பிளாக்கைக் கொண்டுவந்து அடித்துக்கொள்ளட்டும்.

மூன்று, தொழிற்பேட்டைக்காரர்களையும் பீங்கான் நிறுவனத்தாரையும் அழைத்துப் பேச வேண்டும். விற்பவர் பெயர் எதுவானாலும் ஆகட்டும். செய்தவர் பெயர் எதுவானாலும் ஆகட்டும். இந்த ஊரிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியிலும் விருத்தாசலம் என்ற சொல் இருக்க வேண்டும். அடியில் முத்திரையுள்ள ஜாடிக்கு நம் கடைகளில் முன்வரிசை இடம் தருவோம் என்று வணிகர்களாகிய நாம் வாக்குக் கொடுத்தால் உற்பத்தியாளர்களும் நிச்சயம் யோசிப்பார்கள். முத்திரை போட்ட பிறகு உடைசலையும் கோணலையும் கலந்து அனுப்ப யாருக்கும் மனம் வராது. பெயர் போட்ட பொருளுக்குப் பொறுப்பும் கூடவே வரும். எங்கள் பைக்கும் இது பொருந்தும். பெயர் அச்சடித்த பையில் எடை குறைத்துக் கொடுத்தால், குறையைப் பையே ஊரெல்லாம் சொல்லிவிடும். அந்தப் பயம் நமக்கு நல்லதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சங்கத்தில் தடித்த காகிதத்தில் ஓர் ஏடு வைப்போம். ஒவ்வொரு கடையும் தன் பிளாக்கில் எடுத்த முதல் அச்சை அதில் ஒரு பக்கத்தில் பதித்துத் தேதியிட்டுக் கையெழுத்திடட்டும். நாளை யாராவது நம் படத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாலும், நம் சரக்கை வேற்றூர்ச் சரக்கு என்றாலும், எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆற்றில் போட்டாலும் குளத்தில் எடுத்தாலும், உரைத்துப் பார்க்க மச்சம் நம் கையில் இருக்க வேண்டும்.

முதல் பக்கத்துக்கு என் ஜாடிப் படம் தயாராக இருக்கிறது. அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது தங்கைக்கு ஒரு ஜாடி கொண்டுபோக எண்ணியிருக்கிறேன். இந்த முறை அதைத் திருப்பிக் காட்டினால் அடியில் நம் ஊர்ப் பெயர் இருக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு உங்களுக்கும் எனக்கும் உண்டு.